மூன்றாவது தூணின் கணு

தரையிலிருந்து சரியாக மூன்றடி உயரத்தில் இருந்தது அந்தக் கணு. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், சமையலறைப் பக்கத்து வரிசையின் மூன்றாவது தூணில், பாதி எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு. தூணின் மற்ற இடமெல்லாம் தூசியும் பழைய வார்னிஷின் செதிலுமாகக் கிடக்க, அந்தக் கணுவும் அதைச் சுற்றி ஒரு கை அகலமும் மட்டும் எண்ணெய் தடவி வைத்த மாதிரி மினுமினுத்தன. நான் அதைக் கவனித்தேன். அளவு நாடாவைப் பிடித்து உயரத்தை நோட்டில் குறித்தும் வைத்தேன். ஏன் இந்த ஒரு இடம் மட்டும் இப்படித் தேய்ந்திருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. கேட்டிருந்தால் வீட்டுக்காரம்மா பதில் சொல்லியிருப்பாரா என்பது வேறு விஷயம். நான் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் இருந்த கான்டிராக்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ரெட்டியார்பாளையத்திலிருந்து மொபெட்டில் வருவேன். கையில் சான்றிதழ், தலையில் கொம்பு. அந்த வயதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் மரத்தைப் பற்றி மட்டும் ஒன்றுமே தெரியாது. எங்கள் பாடத்தில் மரத்துக்கென்று ஒரே ஒரு அத்தியாயம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று யாரோ சொன்னதால் வகுப்பே அதை விட்டுவிட்டது. சிமென்டும் கம்பியும் தெரிந்தால் போதும், மரமெல்லாம் கதவுக்கும் கட்டிலுக்கும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை, முதலாளி ஒரு முழு மரவீட்டுக்குள் தள்ளிவிட்டார்.

அந்த வீட்டைத் தெருக்காரர்கள் சொல்தா வீடு என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர்தான். சொல்தா காலமாகி வெகு நாளாயிற்று. அவருடைய பென்ஷனில் மனைவி மட்டும் தனியாக இருந்தார். எல்லோரும் அவரை மதாம் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒரே மகன் பிரான்சில். தளம் ஒழுகுகிறது, தூண்களைக் கரையான் பிடித்திருக்கிறது, மழைக்கு முன்னால் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்பது வேலை. மேலே வரிசை வரிசையாகத் தேக்கு உத்திரங்கள். அவற்றின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். பின்கட்டுக்கு மட்டும் பனஞ்சட்டம். துறைமுகம் இல்லாத ஊர் இது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்குக் கட்டைகளைக் கடலிலேயே இறக்கி, கயிறு கட்டி மிதக்கவிட்டுக் கரைக்கு இழுத்தார்கள் என்று எங்கள் ஆசாரி சொன்னார். உப்புத் தண்ணீர் குடித்த மரம், அதனால்தான் இத்தனை நாள் நிற்கிறது என்பது அவர் கணக்கு. பாடப்புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை என்று நான் சிரித்தேன்.

முதல் நாள் நான் போனது நல்ல உச்சி வெயிலில். வெளியே கண் கூசியது. உள்ளே சாத்திய மரச் சட்டக் கதவுகளுக்குள் இருட்டு. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, வா, நேரே வா என்று குரல். ஒரு விளக்குகூடப் போடவில்லை. நான் சுவரைத் தடவிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது, எதிர்த் தாழ்வாரத்தில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு உருவம் ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டு வந்தது. தொடும்போதெல்லாம் உதடு அசைந்தது. ஒரு தூணில் கை சற்று அதிக நேரம் நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி, என் தலைக்கு மேலே ஒரு சாண் தள்ளி எங்கோ பார்த்துப் புன்னகைத்து, பொன்ழூர் என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். என் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. சொன்னால் வெட்கம், அன்று எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது.

பிறகு பழகிக்கொண்டேன் என்றாலும் அந்தப் பயம் முழுக்க விட்டதில்லை. நான் செருப்பு மாற்றிப் போட்டு வந்தால் வாசலிலேயே, புதுச் செருப்பா என்பார். பேசாமல் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தால், உத்திரத்துக்குக் கீழே நிக்காதம்மா, சுண்ணாம்பு விழும் என்பார், என்னைப் பார்க்காமலே. மத்தியானத்தில் உத்திரங்கள் வெயிலுக்குச் சூடேறி மடக் மடக்கென்று சத்தம் போடும். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டு, நாலாவதும் ஏழாவதும் பேசுது என்பார். தூண்களைத் தொட்டு அவர் முணுமுணுப்பது ஜெபம் என்று முதலில் நினைத்தேன். ஒரு நாள் பக்கத்திலிருந்து கேட்டபோது, அன், தெ, த்ருவா என்று பிரெஞ்சில் எண்ணிக்கொண்டிருந்தார். ஐயோ பாவம், தனியாக இருந்து இருந்து இந்தம்மாவுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று முடிவு கட்டினேன். அப்படி முடிவு கட்டுவதில் எனக்கு நல்ல வேகம் இருந்தது.

அவருக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். அதை என்னிடம் வாய்விட்டே சொன்னார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகன் போன் செய்வான். அம்மா, தனியா இருக்க முடியலன்னா சொல்லு, அடுத்த பிளேன்ல வந்து கூட்டிட்டுப் போறேன் என்பான். நல்ல பிள்ளைதான், ஆனால் அந்த ஊர்க் குளிரில் நாலு சுவருக்குள் உட்கார அவருக்கு இஷ்டமில்லை. கல்யாணமாகி அந்தத் தாழ்வாரத்தில் கால் வைத்தவர், அங்கேதான் கண்ணை மூடுவது என்று இருந்தார்.

“ஒரு தடவ விழுந்தேன்னு வெச்சிக்கோ, போதும், அவன் என்னப் பொட்டி கட்டிடுவான். அதனால நான் விழவே மாட்டேன்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வேலை நடக்கும் இரண்டு வாரமும் அவர் ஒரு கன்னியர் மடத்து விடுதியில் தங்கிக்கொண்டார். தளத்துக்குக் கீழே சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்துத் தூண்களை ஒவ்வொன்றாக இறக்கினோம். மற்றவை தேறிவிட்டன. மூன்றாவதின் அடி மட்டும் உளுத்துப் போயிருந்தது. கல் பீடத்தில் உட்காரும் முனையை விரலால் குத்தினால் மாவாக உதிர்ந்தது. மேல்பாதி கல் மாதிரி இருந்தது. அதே பருமனில் பழைய தேக்கு தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் வாரக்கணக்கில் ஆகும், வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. உளுத்த அரை அடியை வெட்டிவிட்டு, தூணைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தினால் கெட்டியான முனை ஈரக் கல்லின்மேல் வரும். குறையும் அரை அடிக்கு மேலே ஒரு துண்டு வைத்தால், உத்திரத்தைத் தாங்கும் கட்டைக்குள் அது மறைந்துவிடும். இவ்வளவு சுலபமான வழி யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கே என்மேல் பெருமை.

ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். தூணின் நடுவில் கயிறு போட்டுத் தூக்கிக் காட்டினார். ஒரு முனை மெல்லத் தாழ்ந்தது. அதுதான் அடி என்றார். இழைத்துச் செதுக்கி எத்தனை காலம் ஆனாலும் மரத்துக்கு வேர்ப்பக்கம் எது, கொழுந்துப்பக்கம் எது என்று தெரியும். நிற்கிற தூணுக்கு அடி தரையில், படுக்கிற உத்திரத்துக்கு அடி தெற்கே. இது மாறவே கூடாது. மாறினால் என்னவாகும் என்று நான் கிண்டலாகக் கேட்டேன்.

“தூண் தலகீழா நின்னா அந்த ஊட்ல ஒருத்தரு வழி தப்பிடுவாங்கம்மா” என்றார்.

நான் அவருக்குப் பாரம் எப்படி இறங்குகிறது என்று பாடம் எடுத்தேன். எந்தப் பக்கம் நிறுத்தினாலும் பலம் ஒன்றுதான் என்றேன். அது பொய்யுமில்லை, இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். கடைசியில் முதலாளி பெயரை இழுத்தேன். அதோடு, “யாருக்குத் தெரியப் போவுது ஆசாரி?” என்றும் சொன்னேன். அவர் தூணுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பழைய வார்னிஷை வழவழவென்று சுரண்டியெடுத்து, நான் சொன்னபடி திருப்பி நிறுத்தினார்.

திருப்பி நிறுத்திய பிறகு முற்றத்தில் ஏதோ ஒன்று சரியில்லாமல் போயிற்று. மரம் அடியில் பருத்து மேலே சிறுப்பது இயல்பு. கண் அதற்குப் பழகியிருக்கும். இந்த ஒன்று மட்டும் மேலே கனத்து, கீழே ஒடுங்கி நின்றது. வித்தியாசம் விரலளவுகூட இருக்காது. ஆனாலும் வாசலிலிருந்து பார்க்கும்போதெல்லாம் ஆறு தூண்களில் ஒன்று நம் பக்கம் குனிகிற மாதிரி இருந்தது. குண்டுநூல் பிடித்துப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. மறுநாளும் பிடித்துப் பார்த்தேன். பெயின்ட் அடிக்க வந்தவர்கூட, இந்தத் தூண் பின்னாடி யாராச்சும் நின்னாங்களா மேடம் என்று கேட்டார். கணு இப்போது என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குப் போயிருந்தது.

மதாம் திரும்பி வந்த அன்று நானும் கூடவே இருந்தேன். சாவியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் பெட்டியைக்கூட வைக்காமல் நேரே தாழ்வாரத்துக்குப் போய் முதல் தூணைத் தொட்டார். இரண்டாவதைத் தொட்டார். மூன்றாவதில் உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போயிற்று. திரும்ப வந்தது. மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண், பக்கவாட்டில், மறுபக்கத்தில், அந்தக் கை தேடியது. வெறும் மரத்தின்மேல் ஒரு கை அப்படித் தேடுவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு சத்தமில்லை. கை மரத்தில் உரசும் சர் சர் என்ற ஓசை மட்டும்.

“எல்லாத்தையும் அதது எடத்துலயே, இருந்தபடியேதான வெச்சீங்க?” என்று கேட்டார்.

“ஆமா மதாம். அப்படியேதான்” என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். தன் உள்ளங்கையை மறு கையால் ஒருமுறை தடவிக்கொண்டார். மெர்சி என்று நன்றி சொன்னார். அவ்வளவுதான். நான் கையெழுத்து எங்கே என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் பேனாவை அந்த இடத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி வைத்துப் போட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து மழை இறங்கியது. தளம் ஒழுகுகிறதா என்று பார்த்து வரும்படி முதலாளி அனுப்பினார். நான் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வலுத்துக் கொட்டியது. முற்றத்தில் தண்ணீர் விழுகிற இரைச்சலில் பக்கத்திலிருந்து பேசினாலும் கேட்காது. கொடியில் துணி கிடந்தது. சமையலறையிலிருந்து மதாம் வேகமாக வெளியே வந்தார். கைக்கு அகப்பட்ட தூணைத் தொட்டார். அது மூன்றாவது. வழவழவென்றிருந்ததால், பழைய பழக்கத்தில் இரண்டாவது என்று எடுத்துக்கொண்டு, அடுத்ததுக்கு நடந்தார். அதைச் சரியாகத் தொடக்கூட இல்லை. முற்றத்தில் இறங்கும் படிக்கல் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் மட்டும்தான் உண்டு. மற்ற இடமெல்லாம் ஒன்றரை அடிப் பள்ளம், கீழே கருங்கல். அவர் துளித் தயக்கமும் இல்லாமல், படி அங்கே இருக்கிறது என்ற முழு நம்பிக்கையோடு, வெற்றிடத்தில் காலை வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் கண்கள் திறந்துதான் இருந்தன, மழையை நேராகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

ஓடிப்போய்த் தூக்கியபோது அவர் அழவில்லை. இடுப்பு உடைந்திருந்தது. நனைந்த கையால் காற்றில் துழாவி, இது எத்தினியாவது, இது எத்தினியாவது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நாலாவது என்றேன். துழாவிய கை நின்றது. அவரைத் தாங்கிப் பிடித்தபடி நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது தூணில், மேலே போய்விட்ட அந்தக் கணுவின் ஓரத்திலிருந்து, செம்பழுப்பான தண்ணீர் ஒரு கோடாக வடிந்துகொண்டிருந்தது. உளுத்ததை வெட்டிய பிறகும் மேலே போன முனையில் மிச்சமிருந்த கரையான் ஓட்டை வழியாகத் தளத்து ஈரம் இறங்கிக் கணுவில் கசிந்தது என்று இன்று என்னால் படம் போட்டு விளக்க முடியும். அன்று அந்த விளக்கம் எதுவும் எனக்குத் துணைக்கு வரவில்லை.

கண் போய் ஆறு வருஷம் ஆகிறது என்று பெரியாஸ்பத்திரியில்தான் தெரிந்தது. மகனிடம்கூட மறைத்திருந்தார். சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவானே. வீடே அவருக்குக் கண்ணாக இருந்திருக்கிறது. முதல் தூணில் ஒரு வெட்டு, இரண்டாவது வழவழப்பு, மூன்றாவதில் கணு, நாலாவதில் ஒரு ஆணித் தலை. எந்த அறையிலிருந்து வந்தாலும் கைக்கு முதலில் அகப்படுவதைத் தொட்டதும் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். ஆறு வருஷமாக ஒரு தடவைகூட இடறாமல் நடந்தவர். கணு காணாமல் போனதை அவர் கை அன்றே கண்டுபிடித்துவிட்டது. உரக்கக் கேட்டால் குருடு வெளியே தெரிந்துவிடும் என்று, என் வார்த்தையை நம்பி, கையைச் சந்தேகப்பட்டுவிட்டார்.

ஆசாரிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆபீசுக்கு வந்தார். என்னைத் திட்டவில்லை. கூலி வேண்டாம், தூணைத் திருப்பிவிடலாம் என்றார். மகன் வந்து வீட்டைப் பூட்டியாகிவிட்டது என்றேன். சரி, நீயாச்சும் அந்தம்மாகிட்ட சொல்லிடும்மா என்று கேட்டுக்கொண்டார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

நாலு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். என் காலடியைக் கேட்டே, வாம்மா என்றார் மதாம். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியம் என் தொண்டையில் இருந்தது. அதற்குள் அவரே பேசிவிட்டார்.

“அந்தத் தூணு அம்பது வருஷம் என்ன ஏமாத்தினதில்ல. என் புத்திதான் கொழம்பிப் போச்சி. இருக்கிற கணுவ இல்லன்னு சொல்லுது கை. இதுக்கு மேல நான் தனியா இருந்தா ஆவாது. அவன்கூடப் போறேன்னு சொல்லிட்டேன்.”

ஒரே வாக்கியம். மதாம், உங்க கை சரியாத்தான் சொல்லிச்சி, தூணைத் திருப்பினது நான். அதைச் சொல்லியிருந்தால் அவர் மறுபடி அந்த வீட்டில் நடந்திருப்பாரா, எனக்குத் தெரியாது. இடுப்பு உடைந்தவரை மகன் எப்படியும் கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் தன் புத்தி கெட்டுவிட்டது என்ற நினைப்போடு விமானம் ஏறியிருக்க மாட்டார். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், மகன் போலீசுக்குப் போவார் என்று என்னென்னவோ பயம் எனக்கு. சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாக அவர் கையில் வைத்தேன். அவர் நல்ல இனிப்பு என்றார். என்னை நினைத்து நானே இவ்வளவு கூசிய நாள் வேறு இல்லை.

அவர் போன பிறகு, மகன் ஆபீசில் விட்டுப்போன சாவியோடு, சன்னல்கள் சாத்தியிருக்கின்றனவா என்று பார்க்க ஒருமுறை அந்த வீட்டுக்குள் போனேன். நடுப்பகல்தான். கூடத்தைத் தாண்டியதும் தாழ்வாரத்திலிருந்து சர் சர் என்று அந்த ஓசை வந்தது, உள்ளங்கை மரத்தில் உரசுவது போல. கொடிக் கயிறு அறுந்து தூணில் உராய்ந்துகொண்டிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எட்டிப் பார்த்தேன். கொடிக் கயிறு கட்டினபடியேதான் இருந்தது. சன்னல்களைச் சரிபார்க்காமலே வெளியே வந்துவிட்டேன். மதாம் இரண்டாவது குளிர்காலத்தில் பிரான்சிலேயே இறந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது அந்த வீடு சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் விடுதி. போன மாதம் உறவுக்காரர் வீட்டு விருந்துக்கு அங்கே போக நேர்ந்தது. தேக்குத் தூண்களை இழைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். நாலாவது தூணருகில் ஒரு பித்தளைத் தகடு: படி இல்லை, கவனம். நன்றாகக் கண் தெரிகிறவர்கள்கூட இங்கே வந்துதான் காலை வைக்கிறார்கள் மேடம், எத்தனை விளக்கு போட்டாலும் இதே இடத்தில்தான் விழுகிறார்கள், ஏனென்று தெரியவில்லை என்றார் மேனேஜர். பிறகு, இந்த வீட்டில் நான் வேலை பார்த்தவள் என்று யாரோ சொல்லக் கேட்டு ஆவலோடு, தூணெல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடியேதானே இருக்கு மேடம் என்றார். விருந்தாளிகளுக்குச் சொல்ல அவருக்கு அது வேண்டுமாம்.

அதே கேள்வி. இத்தனை வருஷம் கழித்து, கேட்க வேண்டியவர் இல்லாத இடத்தில், எனக்கு வாய் திறந்தது. இல்லை, மூன்றாவது தூண் தலைகீழாக நிற்கிறது, நான்தான் திருப்பச் சொன்னேன் என்றேன். அவர் அண்ணாந்து கணுவைப் பார்த்தார். சிரித்தார்.

“அதனால என்ன மேடம், பலம் ஒண்ணுதான? யாருக்குத் தெரியப் போவுது” என்றார்.

அவர் நகர்ந்த பிறகு கையை உயர்த்தி அந்தக் கணுவைத் தொட்டேன். ஏணி போடாமல் யார் கையும் அன்றாடம் படாத உயரம். ஆனாலும் அது அன்று பார்த்த மாதிரியே வழவழவென்று, இப்போதுதான் ஒரு கை எடுத்த மாதிரி இளஞ்சூடாக இருந்தது. பக்கத்து விளக்கின் சூடாக இருக்கும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அதே தூணில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் உள்ளங்கையை வைத்து, மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண், பக்கவாட்டில் என்று தேடிப் பார்த்தேன். வெறும் மரம்.